காரை காய்வதற்குள்

மெய்மைச் சட்டம் வந்த பிறகு, டிவி ராணிகள் தும்முவதற்குக்கூட ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

சட்டம் சும்மா வரவில்லை. ஒரு சேனலில் ஒரு ராணி பக்கத்து நாட்டு ராஜாவைப் பார்த்துச் சிரித்துவைத்தாள். அந்த ஒரு சிரிப்புக்காகத் தெற்கே ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. இன்னொரு சேனலில் ராணி குதிரை ஏறினாள். எங்கள் குலப் பெண்கள் பல்லக்கை விட்டு இறங்கவே மாட்டார்கள் என்று ஒரு கூட்டம் கல்லெறிந்தது. எங்கள் ராணி யானையையே அடக்கியவள், குதிரையைக் கொடுத்து மட்டம் தட்டிவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டம் வந்து அதே கட்டடத்தின் மிச்சக் கண்ணாடிகளை உடைத்தது. அரசாங்கம் தலையில் அடித்துக்கொண்டு ஒரு வாரியம் அமைத்தது. அரண்மனைப் பெண்களைப் பற்றி யார் தொடர் எடுத்தாலும் திரையின் மூலையில் மெய்மை விழுக்காடு தெரிய வேண்டும். மூக்குத்தி எந்தப் பக்கம், முந்தானை எந்தத் தோளில், ரவிக்கை உண்டா இல்லையா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். மதிப்பெண் ஏறினால் விளம்பரமும் ஏறும் என்று தெரிந்ததும், அதுவரை பாலியெஸ்டர் பட்டும் பிளாஸ்டிக் ஒட்டியாணமும் வாங்கிக்கொண்டிருந்த தயாரிப்பாளர்களெல்லாம் சரித்திர பக்தர்கள் ஆகிவிட்டார்கள்.

இதில் அடி வாங்கியவர்களில் குமுதாவும் ஒருத்தி. அவள் டப்பிங் கலைஞர். இருபது வருஷமாக ராணிகளுக்குக் குரல் கொடுத்து வயிறு வளர்த்தவள். அழுகிற ராணி, வாளெடுக்கிற ராணி, விஷம் வைக்கிற சின்ன ராணி, மூன்று பேருக்கும் ஒரே தொண்டை. சாலிகிராமத்தில் கீரைக்காரம்மாகூட “மகாராணிக்கு அரைக்கீரையா, முளைக்கீரையா?” என்றுதான் கேட்பாள். இப்போது வாரியம் குரலுக்கும் ஆதாரம் கேட்டது. செத்துப்போன ராணியின் குரலுக்கு ஆதாரத்தை எங்கே போய்த் தேடுவது? குரல் என்ற கட்டத்தில் எல்லாத் தொடர்களும் பூஜ்ஜியம் வாங்கின. குமுதாவைக் கூப்பிடுவது குறைந்துபோயிற்று.

அதனால்தான் தயாரிப்பாளர் சடகோபன் போன் செய்தபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“அம்மா, தாழங்கோட்டை ராணி கதிராயி நாச்சியாரோட சொந்தக் குரலே கிடைச்சிருச்சு” என்றார்.

“அப்ப என்னை எதுக்கு சார் கூப்பிடறீங்க? கைதட்டவா?”

“நேர்ல வாங்க, சொல்றேன்.”

சொன்னது அவரில்லை, சவுண்ட் இன்ஜினியர் ஃபிரோஸ். எப்போதும் வாயில் எதையாவது மென்றுகொண்டிருக்கும் முப்பது வயதுப் பையன். குமுதாவை அக்கா என்பான்.

“பழைய அரண்மனைச் சுவரைப் பாத்திருக்கீங்களாக்கா? முகம் பாக்கலாம்போல வழவழன்னு இருக்கும்.”

“எங்க ஊரே தாழங்கோட்டைதானே தம்பி. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணி எல்லாம் விட்டு அரைச்ச சுண்ணாம்பு.”

“அதேதான். அந்தக் காரை லேசுல காயாது. பல நாள் ஈரமாவே இருக்கும். கூழாங்கல்லை வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க. அது இறுகற நேரத்துல பக்கத்துல யாராவது பேசினா அந்த அதிர்வு காரைக்குள்ளயே உக்காந்துரும். இந்த மெஷின் சுவரு மேல ஒளியைப் பாய்ச்சி, மயிரிழை கனத்துக்குச் சீவிச் சீவிப் படிக்குது.”

“அப்ப இருநூறு வருஷப் பேச்சும் சுவத்துல இருக்குமா?”

“இல்லைக்கா. காரை காயற வரைக்கும்தான். காஞ்ச பிறகு சுவருக்குக் காது அடைச்சுப்போகும். ஒரு சுவருக்கு அந்தச் சில நாள்தான்.”

“படிச்சு முடிச்சப்புறம்?”

“சீவினது சீவினதுதான். சுவத்துல ஒண்ணும் மிஞ்சாது. கம்பெனிகிட்ட இருக்கற ஒலிப்பதிவு மட்டும்தான்.”

அரண்மனையில் இடியாமல் நின்றது நடைகூடத்துச் சுவர் ஒன்றுதான். அதைச் சீவியதில் ஒரு பெண் குரல் கிடைத்திருக்கிறது. அவளை ஒரு வேலைக்காரி “நாச்சியாரே” என்று அழைக்கிறாள். காலமும் பொருந்துகிறது. வாரியம் இது கதிராயி நாச்சியாரின் குரல்தான் என்று முத்திரை குத்திவிட்டது. ஆனால் கிடைத்தது துண்டும் துணுக்குமாக இருந்தது. அதை வைத்து ஒரு தொடருக்கு வசனம் பேச முடியாது. குமுதா பேச வேண்டும், அவள் பேச்சின் மேல் நாச்சியாரின் குரலைப் போர்த்திவிடுவார்கள். அதற்கு நாச்சியார் எங்கே இழுக்கிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று குமுதாவின் தொண்டை பழக வேண்டும்.

“சவத்துக்குப் பட்டுப்புடவை உடுத்தற மாதிரி” என்றாள் குமுதா. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். வேலை வேலைதானே. போதாததற்குச் சொந்த ஊர் ராணி.

தாழங்கோட்டையில் கதிராயி நாச்சியார் வெறும் ராணி இல்லை, சாமி. கணவன் சண்டையில் மாண்ட செய்தி வந்ததும், பிள்ளையில்லாத நாச்சியார் சாவிக்கொத்தையும் முத்திரை மோதிரத்தையும் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு, “நானாக வந்தேன், கதவைச் சாத்துங்கள்” என்று சொல்லி உள்ளறைக்குள் தவத்தில் உட்கார்ந்தாள். நாற்பதாம் நாள் அம்மனோடு கலந்தாள். அவளோடு அந்த அறையும் மறைந்துவிட்டது. அரண்மனையை அங்குலம் அங்குலமாகத் தேடினாலும் அறை அகப்படாததற்கு ஊர் சொல்லும் காரணம் அதுதான். தொடருக்குப் பெயரே ‘தவநாச்சியார்’.

ஊரில் ஒரு வழக்கமும் உண்டு. நாச்சியார் இருப்பு என்பார்கள். புருஷன் போன பெண், வீட்டுச் சாவியைக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு ஒரு அறைக்குள் போய் உட்கார வேண்டும். குமுதாவின் அம்மா காலத்தில் அது வெறும் சாங்கியம். காலையில் உள்ளே போனவள் சாயங்காலக் காப்பிக்கு வெளியே வந்துவிடுவாள். தொடருக்கு விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் ஊருக்குத் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. நாற்பது நாள் என்றால் நாற்பது நாள். ஒரு வேளை பால். வெளியே தாழ்ப்பாள். மருந்து மாத்திரை கிடையாது, நாச்சியார் என்ன மாத்திரை சாப்பிட்டாளா?

குமுதாவின் தங்கை முத்துமீனாவுக்குப் புருஷன் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மீனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பஃப் இல்லாமல் ஒரு நாளைக் கடத்த முடியாதவள், ஜன்னல் இல்லாத அறையில் நாற்பது நாள் எப்படி இருப்பாள்?

அன்று மீனாவே போன் செய்தாள்.

“அக்கா, நீதான் நாச்சியாருக்குப் பேசறியாமே. ஊரு பூராவும் அதே பேச்சா இருக்கு.”

“அதை விடு. நீ அந்த அறைக்குள்ள போகக் கூடாது. உங்க மாமியார்கிட்ட முடியாதுன்னு சொல்லிரு.”

“எப்படிக்கா சொல்றது? அத்தை என்ன கேக்கறாங்க தெரியுமா? மகாராணியே போய் உக்காந்தா, நீ அவளைவிட ஒசத்தியாங்கறாங்க. எனக்குப் பதில் வரல.” மீனா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “உண்மையைச் சொல்லு. அவுங்க நெசமாவே போய் உக்காந்தாங்களா? இப்பத்தான் எல்லாத்துக்கும் ஆதாரம் எடுக்கறீங்களே. நெசம்னா நானும் போறேன், வாயைத் தொறக்கல. இல்லைன்னு மட்டும் சொல்லு, நான் அத்தையை எதுத்து நிக்கறேன். எனக்குப் பயமா இருக்குக்கா.”

“கேட்டுச் சொல்றேன்” என்றாள் குமுதா. சொல்லும்போது அவள் மனதில் இருந்தது, எப்படியும் அதில் ஏதாவது ஓட்டை இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான்.

மறுநாள் காலையில் ஃபிரோஸ் ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டு வெளியே டீ குடிக்கப் போனான். சுத்தம் செய்த துண்டுகளை அவளிடம் கொடுத்திருந்தான். குமுதாவுக்கு அது போதவில்லை. எந்த வார்த்தைக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் எப்படிப் பேசுவது? அவன் திரும்பி வந்ததும் முழுசையும் போடச் சொன்னாள்.

“சும்மா கல்லு தேய்க்கற சத்தம்தான்க்கா. தலைவலி வரும்.”

“வரட்டும், போடு.”

முதலில் கல்தான் கேட்டது. சரக், சரக் என்று ஓயாமல் தேய்க்கிற சத்தம். அதை ஒட்டி ஓர் ஆண் குரல் கொத்தனிடம் தெளிவாக, “தேய். கையை நிறுத்தாதே” என்றது. எங்கோ ஒரு பூனை கத்தியது. அப்புறம் வெகு தூரத்தில், பானைக்குள் வாயை வைத்துப் பேசுகிறாற்போல ஒரு பெண்.

“கொத்தா, கையை நிறுத்து. நான் உள்ளே இருக்கேன்.”

குமுதா கண்ணை மூடிக்கொண்டாள்.

“உள்ளே இருக்கேன்னு உனக்குத் தெரியுமே. நீ நல்லா இருப்பே, ஒரு தரம் திற. மார் கட்டிக்கிச்சு. பிள்ளை அழறது இங்கே கேக்குது. பாலைக் குடுத்துட்டு நானே திரும்பி வந்து உக்காந்துக்கறேன். என் பிள்ளை மேலே ஆணை, நானே வந்துருவேன்.”

கல் நிற்கவில்லை. பூனை மறுபடி கத்தியது. குமுதாவும் பிள்ளை பெற்றவள்தான். அது பூனை இல்லை என்று அவளுக்கு அடிவயிற்றிலேயே தெரிந்துவிட்டது. “நாச்சியாரே, நாச்சியாரே” என்று ஒரு வேலைக்காரி சுவர் ஓரமாக வந்து அழுதாள். அவளை யாரோ இழுத்துப் போனார்கள். பதிவு போகப் போக அந்தக் குழந்தையின் அழுகை இல்லாமல் போயிற்று. நாச்சியாரும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் வெறும் கையால் தட்டுகிற ஓசைதான். காரை காய்ந்த பிறகு அதுவும் இல்லை.

குமுதா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

“இந்தப் பொம்பளை குரல் ஏன் இவ்வளவு தள்ளிக் கேக்குது?”

“அதான்க்கா எனக்கும் புரியல. நடைகூடம் சுவருக்கு இந்தப் பக்கம். ஆளுங்க இந்தப் பக்கம்தானே இருக்கணும்? இது சுவருக்கு அந்தப் பக்கத்துலருந்து வருது. அந்தப் பக்கம் அறை எதுவும் இல்லை, கெட்டிக் கட்டுமானம்னு வரைபடத்துல போட்டிருக்கு. மெஷின் கோளாறுன்னு நெனச்சு, உங்களுக்குக் குடுத்த துண்டுல நான்தான் குரலைக் கிட்டக்கக் கொண்டாந்தேன்.”

“அவ உள்ள இருக்கறப்பவே எதுக்குப் புதுசாக் காரை பூசினாங்க? யோசிச்சியா?”

ஃபிரோஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

“வாசலை அடைச்சுப் பூசியிருக்காங்கடா. அறை எங்கயும் மாயமாப் போகல. நீங்க சீவின சுவருக்குப் பின்னாடிதான் இருக்கு. அது பூனையும் இல்லை.”

“நான் அலையைத்தான்க்கா பாப்பேன். வார்த்தையைக் கேக்கறதில்ல” என்றான் அவன். பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் யாருமே கேட்டிருக்கவில்லை, எல்லோரும் அளந்திருந்தார்கள்.

குமுதா உடனே மீனாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். ஆனால் வாரியத்து முத்திரை இல்லாத பேச்சை ஊரில் எவன் மதிப்பான்? மீனாவின் மாமியார் ஒரே வார்த்தையில் “உங்க அக்கா கதை கட்டறா” என்று ஊதித் தள்ளிவிடுவாள். இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் கிடந்து அவளுக்கும் புத்தி அப்படித்தான் போயிற்று. ஆதாரத்தோடு சொல்லலாம் என்று நினைத்தாள். “ஒரு வாரம் தள்ளிப்போடு. ஆதாரத்தோட நல்ல சேதியா சொல்றேன்” என்று மட்டும் தங்கைக்குச் சொல்லிவைத்தாள்.

சடகோபனின் அறையில் நப்பின்னையும் இருந்தாள். வாரியம் இந்தத் தொடருக்குப் போட்ட மெய்மை அலுவலர். சரித்திரத்தில் டாக்டர் பட்டம். அரண்மனை அடுப்படிக் காட்சியில் ஒரு ஓரமாக ஒரு தக்காளி கிடந்ததற்காக ஒரு நாள் படப்பிடிப்பையே நிறுத்தியவள்.

குமுதா ஒலியைப் போட்டாள். இரண்டு பேரும் கடைசிவரை கேட்டார்கள். சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் ஒன்றும் ராட்சசன் இல்லை, அழவே செய்தார். அழுது முடித்துவிட்டு, “இதை வெளியில விட முடியாதும்மா” என்றார்.

“ஏன் சார்?”

“கோயில் இருக்கு. கும்பிடற லட்சம் பேரு இருக்காங்க. அந்தக் கொழுந்தனோட வம்சம் இன்னிக்கும் சட்டசபையில உக்காந்திருக்கு. பிள்ளை இருந்துச்சு, அதையும் சேத்துக் கொன்னாங்கன்னு சொன்னா என்னை உயிரோட விடுவாங்களா?”

குமுதா நப்பின்னையைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க மேடம். ஒரு தக்காளிக்கு அவ்வளவு சண்டை போட்டீங்களே.”

“தக்காளி திரையில தெரிஞ்சுதும்மா” என்றாள் நப்பின்னை. குரல் இறங்கியிருந்தது. “சட்டம் காட்டறதுக்குத்தான். காட்டினது பொய்யான்னு நான் கேக்கலாம். காட்டாம விட்டதை ஏன் விட்டேன்னு கேக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

“‘நானாக வந்தேன்’னு என்னைப் பேசச் சொல்றாங்களே, அது பொய்யில்லையா?”

“அதுக்கு ஆதாரம் இருக்கு. கோயில் வாசல்ல கல்வெட்டு இருக்கு.”

“யாரு வெட்டி வச்சது?”

நப்பின்னை பேனாவை மூடிவைத்தாள். “கொழுந்தன்” என்றாள்.

“பூசிப் பொதைச்சவன் எழுதி வச்சா அது ஆதாரம். பொதைஞ்சவ கத்தினா அது ஆதாரமில்லை. நல்லா இருக்கு உங்க படிப்பு!”

நப்பின்னை கோபப்படவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு ராணியைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்ததற்காக அவள் வீட்டுக்குக் கூட்டம் வந்தது, கைக்குழந்தையோடு பின்வாசல் வழியாக ஓடினாள் என்று குமுதா பிற்பாடு கேள்விப்பட்டாள். அன்று நப்பின்னை சொன்னது இவ்வளவுதான்: “இந்தப் பதிவைக் கம்பெனி முழுசா வாரியத்துல ஒப்படைச்சா, தனி ஆதாரமா ஏத்துக்கச் சொல்லி நான் எழுதறேன். ஏத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் எவனும் மறைக்க முடியாது.”

சடகோபன் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். அவருக்கும் மனசாட்சி கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும், அல்லது வாரியத்தைப் பற்றி அவருக்குக் குமுதாவைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். “சரி, ஒப்படைக்கறேன்” என்றார். “ஆனா நீங்க முதல்ல அந்தத் தவக் காட்சியைப் பேசிக் குடுத்துரணும். முன்னோட்டம் இந்த வாரம் போயாகணும். நீங்க இல்லைன்னா வேற ஆள் பேசும். அப்ப நான் ஒப்படைக்கவும் மாட்டேன்.”

குமுதா அன்று முழுக்க யோசித்தாள். ஒரு பொய்யைப் பேசினால் ஒரு உண்மை வெளியே வரும் என்றால் பேசிவிட்டுப் போகலாமே என்றுதான் தோன்றியது. யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மைக் முன்னால் நின்றபோது வேண்டுமென்றே மட்டமாகப் பேச முடிவு செய்திருந்தாள். ஆனால் இருபது வருஷத் தொண்டை அவள் சொன்னதைக் கேட்கவில்லை. திரையில் நடிகை கதவைத் தொட்டதும் மூச்சு தானாக நின்று, இறங்கி, சரியான இடத்தில் உடைந்தது. “நானாக வந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை. கதவைச் சாத்துங்கள்.” ஒரே டேக். ஃபிரோஸ் அதன் மேல் நாச்சியாரின் குரலைப் போர்த்திப் போட்டுக் காட்டினான். திறக்கச் சொல்லிக் கெஞ்சிய அதே குரல், அதே லேசான கரகரப்பு, இப்போது சாத்தச் சொன்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். குமுதா பாத்ரூமுக்குப் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

சடகோபன் சொன்ன சொல் தவறவில்லை, பதிவை ஒப்படைத்தார். வாரியமும் அதிசயமாக மூன்றே நாளில் பதில் அனுப்பியது. அதைச் சொல்ல மறுநாள் காலையில் நப்பின்னை ஸ்டூடியோ கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தாள்.

“குரல் கட்டத்துக்கு முழு மதிப்பெண் குடுத்துட்டாங்க. இதுவரைக்கும் எந்தத் தொடரும் வாங்கினதில்லை.”

“அதை யாரு கேட்டா? மத்தது?”

“வசனத்துல சேராத பகுதி எல்லாம் இரைச்சல்னு எழுதிட்டாங்க. குழந்தைன்னு நான் போட்டதுக்கு, ராணிக்குக் குழந்தை இருந்ததா ஆதாரம் எங்கேன்னு கேட்டாங்க. இதுதான் ஆதாரம்னேன். இது இரைச்சலாச்சேன்னாங்க.”

“பதிவைக் குடுங்க. நான் தெருத் தெருவாப் போட்டுக் காட்டறேன்.”

நப்பின்னை தலையைக் குனிந்துகொண்டாள். “அரசகுலப் பெண்களோட கண்ணியத்தைக் காக்கணும்னு ஒரு விதி இருக்கும்மா. மார், பால்னு அந்தரங்கமா இருக்கறதை வச்சுக்கக் கூடாது. அழிச்சுட்டாங்க. கம்பெனி காப்பியையும் ஆள் வந்து பக்கத்துல நின்னு அழிக்கவச்சாங்க. ஃபிரோஸைத் திட்டாதீங்க, அவன் அழுதான்.”

அந்த அறையையாவது உடைத்துப் பார்க்கலாமே என்றாள் குமுதா. சுவருக்கு ஏற்கெனவே மஞ்சள் பூசி மாலை போட்டாகிவிட்டது. நாச்சியார் பேசிய சுவர் என்று சனங்கள் கற்பூரம் காட்டுகிறார்கள். இனி அதன் மேல் கடப்பாரை வைக்க யாரால் முடியும்?

வீட்டுக்கு வந்ததும் தங்கையைக் கூப்பிட்டாள். முன்னோட்டம் முந்தின நாள் ராத்திரியே ஓடியிருந்தது அவளுக்குத் தெரியாது. மீனாவின் குரலில் பயம் போயிருந்தது.

“அக்கா! நீ சொன்ன நல்ல சேதி இதானா? நாச்சியார் குரலைக் கேட்டேன்க்கா. ஒடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. இன்னிக்கு நாள் நல்லாருக்குன்னு அத்தை சொன்னாங்க. குளிச்சு ரெடியா நிக்கறேன்.”

“போகாதே மீனா! நான் இப்பவே பஸ் ஏறி வர்றேன்.”

“நீ வந்து சேர ராத்திரி ஆயிரும்க்கா. பதினோரு மணிக்கு நேரம் குறிச்சாச்சு.”

“அந்தக் குரல் நான்டி. நான்தான் பேசினேன். மெஷின்ல மாத்திட்டாங்க.”

மீனா சிரித்தாள். “ஒங் குரல் எனக்குத் தெரியாதா? ஒரே பாயில படுத்து வளர்ந்தவ நான். அது நாச்சியாரேதான். மூலையில பாத்தேனே, குரலுக்கு முழுசா நூறு போட்டிருந்துச்சு.”

“அவ தானாப் போகலடி. உள்ள வச்சுப் பூசிட்டாங்க. கைப்பிள்ளைக்காரி. நான் என் காதால கேட்டேன்.”

“ஆதாரத்தோட சொல்றேன்னியே. கிடைச்சுதா?”

“அழிச்சுட்டாங்க” என்றாள் குமுதா. அவள் காதுக்கே அது பொய்போல ஒலித்தது.

அந்தப் பக்கம் யாரோ மீனாவைக் கூப்பிட்டார்கள். இனி நேரமில்லை. குமுதா சமையலறைக் கதவைச் சாத்தினாள். நாச்சியார் கெஞ்சிய குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை, அவள் தொண்டையில் மட்டும்தான் பாக்கி இருந்தது. எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே நா வறண்டது, ஆணையிடும்போது எந்த எழுத்தில் குரல் உடைந்தது, எல்லாம் அவளுக்குப் பாடம். உள்ளங்கையால் சுவரைத் தட்டிக்கொண்டே போனில் கத்தினாள். “கொத்தா, கையை நிறுத்து. நான் உள்ளே இருக்கேன். உள்ளே இருக்கேன்னு உனக்குத் தெரியுமே. நீ நல்லா இருப்பே, ஒரு தரம் திற. மார் கட்டிக்கிச்சு. பிள்ளை அழறது இங்கே கேக்குது. பாலைக் குடுத்துட்டு நானே திரும்பி வந்து உக்காந்துக்கறேன். என் பிள்ளை மேலே ஆணை, நானே வந்துருவேன்.” ஒரு வார்த்தை விடவில்லை, ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நடிக்காமல் பேசினாள். மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

முடித்தபோது அந்தப் பக்கம் மீனா விசும்புவது கேட்டது. குமுதா சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். புரிந்துவிட்டது, போகமாட்டாள் என்று நினைத்தாள்.

“அக்கா” என்றாள் மீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சின்னப் புள்ளையிலருந்து நீ இப்படித்தான். நீ அழுது காட்டினா வீடே அழும். எனக்காகத்தான் இவ்வளவும் செய்யறேன்னு தெரியுதுக்கா. ஆனா உன்னை மாதிரி நடிக்க யாராலயும் முடியாது.”

“மீனா...”

“பஃப்பையும் போனையும் வெளிய வச்சுட்டு வரச் சொல்றாங்க. நாப்பது நாள் கழிச்சுப் பேசறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.”

குமுதா மறுபடி அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நாலாவது தடவை யாரோ எடுத்து, ஒன்றும் பேசாமல் அணைத்துவைத்தார்கள்.